டியூப் ப்ரீஆம்ப் வாங்கலாமா? முதலில் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கோவை நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் 50 வாட் இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயர் (ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில்), 86 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி, ஒரு டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி), அப்பா விட்டுச் சென்ற டர்ன்டேபிள் (ரிக்கார்ட் பிளேயர்) எல்லாம் இருக்கின்றன. "பெண் குரல் மேல் ஸ்தாயிக்குப் போனால் காதைக் குத்துகிறது, அரை மணி நேரத்தில் அசந்துவிடுகிறது. டிஏசிக்கும் ஆம்புக்கும் நடுவில் ஒரு டியூப் ப்ரீஆம்ப் போட்டால் குரல் இளகிவிடும் என்கிறார்கள். அறுபதாயிரம் வரை செலவு செய்யலாம். எதை வாங்கட்டும்?" இதுதான் கேள்வி.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குத்தலுக்கு டியூப் ப்ரீஆம்ப் மருந்து இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் டியூபுக்கு உருப்படியான ஒரு வேலை காத்திருக்கிறது, அது டர்ன்டேபிள் பக்கம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். இந்தக் கணக்கு கைவசம் இருந்தால் நாளைக்கு யார் எந்தப் பெட்டியைக் காட்டினாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ப்ரீஆம்ப் என்ற பெட்டி எதற்கு வந்தது? 1950களில் வீட்டு ஹைஃபையின் ஒலி பெரும்பாலும் ரிக்கார்ட் பிளேயரின் ஊசியிலிருந்துதான் கிளம்பியது. ஊசி தருவது சில மில்லிவோல்ட். ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்பை முழுதாக ஓட்ட ஒன்று, ஒன்றரை வோல்ட் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ப்ரீஆம்ப். 1958-இல் வந்த மராண்ட்ஸ் 7 ப்ரீஆம்பில் ஆறு 12ஏஎக்ஸ்7 வால்வுகள் (டியூபின் இன்னொரு பெயர் வால்வு) இருந்தன. அந்தச் சின்ன சிக்னலைத் தூக்கிவிடவும், ரிக்கார்டுக்கு ஏற்ப அதைத் திருத்தவும் அத்தனை வால்வுகள் தேவைப்பட்டன. 1982-இல் சிடி பிளேயர் வந்தது. அதன் உச்ச வெளியீடு 2 வோல்ட் என்று நிலைபெற்றது. இன்றைய வீட்டு டிஏசிக்களில் பெரும்பாலானவை அதே 2 வோல்ட்டைத்தான் தருகின்றன. ஆக, இடைவெளி என்று ஒன்று இப்போது டிஏசி பக்கம் இல்லவே இல்லை.

உங்கள் செட்டையே எடுத்துக்கொள்வோம். 86 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 2.83 வோல்ட் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் கேட்கும். நீங்கள் ஹாலில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து சராசரியாக 75 டெசிபலில், அதாவது பேச்சுக் குரலுக்கு நன்றாகவே மேலே, கேட்கிறீர்கள் என்று வைப்போம். இரண்டு ஸ்பீக்கர் சேர்வதையும் சுவர்கள் திருப்பி அனுப்புவதையும் சேர்த்தால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஏறக்குறைய 1.4 வோல்ட் போதும். எட்டு ஓம் ஸ்பீக்கரில் அது கால் வாட்! பவர் ஆம்ப் பகுதியின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) பல ஆம்ப்களில் 26 டெசிபல் வாக்கில் இருக்கும், அதாவது இருபது மடங்கு. எனவே அதன் வாசலுக்கு வந்து சேர வேண்டிய சிக்னல் சராசரியாக 0.07 வோல்ட். மிருதங்கத்தின் தொப்பியில் ஓங்கி ஓர் அடி விழுந்து 15 டெசிபல் எகிறினாலும் 0.4 வோல்ட்தான்.

டிஏசி உச்சத்தில் தருவது 2 வோல்ட். உங்களுக்கு வேண்டியது 0.4 வோல்ட். ஆக ப்ரீஆம்ப் இங்கே எதையும் பெருக்கவில்லை, ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. இந்த இடத்தில் 20 டெசிபல் கெயின் உள்ள ஒரு டியூப் லைன் ஸ்டேஜை, அதாவது டிஏசி போன்றவற்றின் சிக்னலுக்கான ப்ரீஆம்பை, கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? வால்யூம் குமிழ் சிக்னலை முதலில் ஐம்பதில் ஒன்றாகக் குறைக்க வேண்டும், பிறகு டியூப் அதைப் பத்து மடங்காகப் பெருக்க வேண்டும். குமிழ் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். சாதாரண வால்யூம் கன்ட்ரோல்களில் அந்தக் கீழ்க்கோடியில்தான் இடதும் வலதும் சமமாக இருக்காது. நடுவில் நிற்க வேண்டிய பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். டியூபின் சொந்த இரைச்சலோ குமிழுக்குப் பிறகு சேர்வது. வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் அது குறையாது. பவர் ஆம்ப் அதையும் இருபது மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

அதனால் லைன் ப்ரீஆம்ப் வாங்குவதாக இருந்தால் 6 முதல் 12 டெசிபல் வரை கெயின் உள்ளதைப் பாருங்கள். டியூபைப் பொறுத்தவரை 12ஏயு7, 6எஸ்என்7 இரண்டின் பெருக்கல் திறனும் இருபதை ஒட்டி இருக்கும். 12ஏஎக்ஸ்7-க்கு அது நூறு. நூறு என்றதும் அதுதான் உயர்ந்தது என்று தோன்றும். லைன் சிக்னலுக்கு அந்த நூறு உபத்திரவம், ஃபோனோவுக்கு, அதாவது டர்ன்டேபிள் சிக்னலுக்கு, அதுவே வரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, அந்த "இனிமை" எங்கிருந்து வருகிறது? டிரையோட் வகை டியூபுக்குள் (12ஏயு7, 12ஏஎக்ஸ்7 எல்லாம் இந்த வகை) போகும் அலையின் மேல் பாதியும் கீழ் பாதியும் துல்லியமாக ஒரே அளவில் பெருகுவதில்லை. அந்தச் சிறு ஏற்றத்தாழ்வு இரண்டாம் ஹார்மோனிக்கை, அதாவது உள்ளே போனதைப் போல் இரண்டு மடங்கு அதிர்வெண்ணை, உண்டாக்குகிறது. சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். உள்ளே போவது சட்ஜம் என்றால் இரண்டாம் ஹார்மோனிக் மேல் ஸ்தாயி சட்ஜம். மூன்றாவது, அதற்கு மேலுள்ள பஞ்சமம். ஐந்தாவது, அந்தர காந்தாரம். சுருதி சுத்தமாகச் சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே எழுகிற சுயம்பு காந்தாரம் அதுதான். ஏழாவது, கைசிகி நிஷாதத்துக்குக் கொஞ்சம் கீழே எந்த ஸ்வரத்திலும் உட்காராமல் நிற்கும். டிரையோடில் இரண்டாவதுதான் ஓங்கி நிற்கிறது, மேலே போகப் போக மளமளவென்று குறைகிறது. அதனால் காது அதைப் பிழையாகக் கேட்பதில்லை. குரலுக்குச் சற்று உடம்பு கூடியது போல் கேட்கிறது.

இதுவரை சொன்னது ஒற்றை ஸ்வரத்துக்கு. இரண்டு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும்போது கதை வேறு. சட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். தம்புரா அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பாடகி சதுஸ்ருதி ரிஷபத்தில், 270-இல் நிற்கிறார். அதே டியூப் இந்த இரண்டையும் கூட்டி 510 ஹெர்ட்ஸில் புதிதாக ஒன்றை உண்டாக்கும். மேல் சட்ஜம் 480. அதிலிருந்து 510 என்பது சுத்த ரிஷபத்துக்குப் பக்கம். ராகத்தில் இல்லாத ஸ்வரம். அளவு மிகச் சிறிதாக இருக்கும் வரை காதில் படாது, அளவு கூடினால் கச்சேரி முழுவதும் ஒரு மங்கல் படியும். தனிக்குரலும் தம்புராவும் மட்டும் கேட்கும்போது தேனாக இருந்த பெட்டி, பக்கவாத்தியம் எல்லாம் சேர்ந்ததும் குழம்புவதற்குக் காரணம் இதுவே. டியூப் பெட்டியைச் சோதிக்கப் போகிறவர்கள் தனி ஆலாபனையை மட்டும் போட்டுக் கேட்டுவிட்டு வரக்கூடாது. தனி ஆவர்த்தனம் முடிந்து எல்லோரும் ஒன்றாகச் சேரும் இடத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டாம் ஹார்மோனிக்கின் விகிதம் சிக்னலின் அளவோடு சேர்ந்தே ஏறி இறங்கும். சிக்னல் பாதியானால் அந்த விகிதமும் ஏறக்குறைய பாதி. நம் ப்ரீஆம்ப் வெளியே தருவது 0.07 முதல் 0.4 வோல்ட் வரை. நன்றாக வடிவமைத்த டியூப் லைன் ஸ்டேஜ் இந்த அளவில் உண்டாக்கும் கலப்படம் உங்கள் ஸ்பீக்கரின் வூஃபர் உண்டாக்குவதைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே நல்ல டியூப் ப்ரீஆம்பும் நல்ல டிரான்சிஸ்டர் ப்ரீஆம்பும் ஏறக்குறைய ஒன்று போலவே ஒலிக்கும். டியூப் ஒலி என்று பலர் மனதில் இருப்பது டியூப் பவர் ஆம்பின் ஒலி. அங்கே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான மின்தடை) அதிகம், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறி இறங்குவதற்கு ஏற்ப ஒலியும் வளைந்து கொடுக்கும். அந்தக் குணத்தை ப்ரீஆம்பில் எதிர்பார்ப்பது வீண்.

அப்படியானால் சில டியூப் ப்ரீஆம்ப்கள் வெளிப்படையாகவே இதமாகக் கேட்கின்றனவே என்றால், பல நேரங்களில் காரணம் பொருத்தமில்லாத இம்பீடன்ஸ்தான். 12ஏஎக்ஸ்7-இன் உள்மின்தடை சுமார் 62 கிலோஓம். பிளேட்டில் (பெருகிய சிக்னல் கிடைக்கும் முனை) வழக்கமான 100 கிலோஓம் ரெசிஸ்டரைப் போட்டு அங்கிருந்தே வெளியே எடுத்தால் வெளியீட்டு இம்பீடன்ஸ் 38 கிலோஓம் வரும். அதில் மூன்று மீட்டர் கேபிளை மாட்டுங்கள். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றால் மொத்தம் 300. இந்த இரண்டும் சேர்ந்து 14,000 ஹெர்ட்ஸிலேயே ஒலியை 3 டெசிபல் இறக்கிவிடும். கஞ்சிராவின் சலங்கை மழுங்கும், அதை "வார்ம்" என்று சொல்லி விற்பார்கள். அதே டியூபை கேத்தோட் ஃபாலோயராக (பெருக்காமல், இம்பீடன்ஸை மட்டும் குறைக்கும் அமைப்பு) அமைத்து வெளியே எடுத்தால் இம்பீடன்ஸ் சில நூறு ஓமுக்கு வந்துவிடும், எந்தக் கேபிளும் ஒன்றும் செய்யாது.

அடிநாதப் பக்கமும் ஒரு பொறி உண்டு. டியூப் ப்ரீஆம்பின் வெளியீட்டில் டிசியைத் தடுக்க ஒரு கப்பாசிட்டர் இருக்கும். அது 0.47 மைக்ரோஃபாரட், எதிரே உள்ள பவர் ஆம்பின் உள்ளீடு 47 கிலோஓம் என்றால் ஒலி 7 ஹெர்ட்ஸில்தான் சரியும், கவலையில்லை. அதே கப்பாசிட்டர் 10 கிலோஓம் பவர் ஆம்பைச் சந்தித்தால் 34 ஹெர்ட்ஸிலேயே சரிந்துவிடும். இன்றைய டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்களில் 10, 20 கிலோஓம் சகஜம். விற்பவரிடம் இரண்டே இரண்டு எண்களைக் கேளுங்கள்: வெளியீட்டு இம்பீடன்ஸ் எவ்வளவு, வெளியீட்டுக் கப்பாசிட்டர் எவ்வளவு. உங்கள் ஆம்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் முதல் எண்ணைப் போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். இந்த எண்களைத் தெளிவாகச் சொல்லத் தெரியாதவரிடம் நான் வாங்க மாட்டேன்.

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 6ஜே1 டியூப் போர்டுகளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அவை 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. அந்த டியூப் நூறு வோல்ட்டை ஒட்டி வேலை செய்ய வடிவமைக்கப்பட்டது. அதைச் சில பத்து வோல்ட்டில் பட்டினி போட்டு ஓட்டுகிறார்கள். பல போர்டுகளில் டியூபுக்கு அடியில் எல்இடி விளக்கு வைத்திருக்கிறார்கள், நீங்கள் பார்க்கும் வெளிச்சத்தில் பெரும்பகுதி அதுதான். சால்டரிங் பழக நல்ல பொருள். உங்கள் செட்டில் டிஏசிக்குப் பின்னால் வைக்க வேண்டாம்.

இப்போது உங்கள் ஆம்பைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். "ப்ரீ அவுட்", "மெயின் இன்" என்று இரண்டு ஜோடி சாக்கெட் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதா? 1978-இல் வந்த என்ஏடி 3020 போன்ற ஆம்ப்களில் இந்த இரண்டையும் யு வடிவத்தில் வளைத்த சின்ன உலோகக் கம்பிகள் இணைத்திருக்கும். அந்தக் கம்பிகளை உருவினால் ஆம்ப் இரண்டாகப் பிரிந்துவிடும். ப்ரீஆம்ப் பகுதியை விட்டுவிட்டு, டியூப் ப்ரீஆம்பை நேராக மெயின் இன்னில் சொருகலாம். ஒரு எச்சரிக்கை: அப்போது ஆம்பின் வால்யூம் குமிழுக்கு வேலை இல்லை. டியூப் ப்ரீஆம்பின் குமிழை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஆம்பைப் போட வேண்டும். மறந்தால் ட்வீட்டர் (உச்சநாதத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விடும்.

அந்தச் சாக்கெட் இல்லை என்றால் டியூப் ப்ரீஆம்பை ஆக்ஸ் போன்ற ஒரு லைன் உள்ளீட்டில்தான் சொருக முடியும். ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ப்ரீஆம்புக்குப் பின்னால் இன்னொரு ப்ரீஆம்ப், இரண்டு வால்யூம் குமிழ், ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கும் கெயினோடு இன்னும் கெயின் என்று ஆகும். உங்களுக்கு முன்பிருந்த எதுவும் இதனால் போகாது, ஒன்று கூடுதலாகச் சேரும், அவ்வளவுதான். அறுபதாயிரத்துக்கு அது தகுமா என்றால் தகாது என்பது என் கருத்து.

அப்புறம், அந்தக் குத்தல். உங்கள் ஹால் டைல்ஸ் தரை, சிமென்ட் பூச்சுச் சுவர், ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல் என்று எழுதியிருந்தீர்கள். ஹாலின் நடுவில் நின்று ஓங்கி ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின்னால் "டர்ர்" என்று ஒரு வால் நீண்டால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியை மாறி மாறி வீசிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். பெண் குரலின் கூர்மை பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் இருக்கிறது, நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்தப் பகுதியைத்தான். ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலியோடு தரையில் மோதி வருவதும் சுவரில் மோதி வருவதும் சேர்ந்தால் அரை மணியில் அசதி வராமல் என்ன செய்யும்?

இதைச் சோதிக்க ஒரு பைசா செலவில்லை. குத்துகிற பாட்டைப் போடுங்கள். படுக்கையறையிலிருந்து ஒரு இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துவந்து ஸ்பீக்கருக்கும் உங்கள் நாற்காலிக்கும் நடுவில் தரையில் விரியுங்கள். அதே பாட்டை அதே வால்யூமில் திரும்பக் கேளுங்கள். இரண்டாவது மெத்தை இருந்தால் பக்கச் சுவரில், ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவாக, சாய்த்து வையுங்கள். ஏன் மெத்தை, ஏன் ஜமக்காளம் போதாது என்றால், 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 சென்டிமீட்டர். அதைச் சரியாக உறிஞ்ச அதில் கால்பங்கு, மூன்று சென்டிமீட்டர் அளவுக்காவது தடிமன் வேண்டும். ஒற்றை ஜமக்காளம் மிக உச்சியில் இருப்பதை மட்டும் தின்றுவிட்டு, குத்துவதை அப்படியே விட்டுவிடும். மெத்தையால் வித்தியாசம் தெரிந்தால் நிரந்தரமாகத் தடித்த கார்ப்பெட்டும் கனமான மடிப்புத் திரையும் வாங்கலாம். ஸ்பீக்கர்களை நேராக உங்கள் முகத்தைப் பார்க்க வைத்திருந்தால் சற்று வெளிப்பக்கம் திருப்பியும் பாருங்கள். ட்வீட்டரின் உச்சி ஒலி நேர்முகத்தில்தான் அதிகம், கொஞ்சம் விலகினாலே தணியும். இந்த இரண்டு காரியமும் எந்த ப்ரீஆம்பும் செய்யாத மாற்றத்தைச் செய்யும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதையெல்லாம் செய்த பிறகும் டியூப் லைன் ப்ரீஆம்ப் ஆசை போகவில்லை என்றால் ஆசைப்படுவதில் தப்பில்லை. ஒன்றை இரவல் வாங்கி ஒழுங்காக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒழுங்காக என்றால் ஒலி அளவைச் சமமாக்கி. அரை டெசிபல், ஒரு டெசிபல் சத்தம் கூடினால் "சத்தம் கூடியிருக்கிறது" என்று நமக்குத் தோன்றாது, "தெளிவு கூடியிருக்கிறது" என்றுதான் தோன்றும். கடை டெமோவில் புதுப்பெட்டி ஜெயிப்பதில் பாதி இதனால்தான். ஃபோனில் 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை இறக்கி டிஏசி வழியாக ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். டியூப் இல்லாமல் 2.00 வோல்ட் காட்டும்படி வால்யூமை வைத்துவிட்டு, டியூபோடும் 2.00 வருகிற இடத்தைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். 2.02 வரை பரவாயில்லை, அது பத்தில் ஒரு டெசிபல்கூட இல்லை. சாதாரண மல்டிமீட்டர் 400 ஹெர்ட்ஸ் வரை நம்பகமாகக் காட்டும், அதற்கு மேல் போகாதீர்கள். அப்புறம் வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். அப்படிக் கேட்டும் டியூபைத் தேர்ந்தெடுத்தால் தாராளமாக வாங்குங்கள், உங்கள் காதுக்கு அது பிடித்திருக்கிறது.

இனி டர்ன்டேபிள். டியூப் தன் முழுத் திறமையைக் காட்டக்கூடிய இடம் இது. மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும், அதன் அசைவை மின்சிக்னலாக்கும் பகுதி) தருவது 5 மில்லிவோல்ட் அளவு. அதை நூறு மடங்கு பெருக்கினால்தான் அரை வோல்ட் வரும். அதோடு ரிக்கார்டு வெட்டும்போது அடிநாதத்தைக் குறைத்து உச்சநாதத்தைக் கூட்டி வெட்டுகிறார்கள். 1954 முதல் அதற்கு ஆர்ஐஏஏ என்ற பொது வரையறை இருக்கிறது. கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருத்த வேண்டும். இங்கே உண்மையிலேயே கெயின் வேண்டும், உண்மையிலேயே திருத்தம் வேண்டும். 12ஏஎக்ஸ்7-இன் அந்த நூறு இங்கேதான் உதவுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவின் ரிக்கார்டுகள் என்றால் கீறல் இருக்கும். ஊசி ஒரு கீறலைத் தாண்டும்போது வருவது இசையைவிடப் பல மடங்கு உயரமான ஒரு கூர்முனை. குறைந்த வோல்ட்டேஜில் ஓடும் மலிவான ஃபோனோ ஸ்டேஜில் (ஊசியின் சிக்னலைப் பெருக்கித் திருத்தும் ப்ரீஆம்ப்) அது உச்சியில் முட்டி, மீண்டு வர ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். "டக்" என்று முடிய வேண்டியது "டப்ப்" என்று தடித்து விழும். 250 வோல்ட்டில் ஓடும் டியூப் ஸ்டேஜில் மேலே தாராளமாக இடம் இருக்கிறது. கீறல் வந்த வேகத்தில் போய்விடும், பாட்டு பாதிக்கப்படாது. நன்றாக வடிவமைத்த டிரான்சிஸ்டர் ஃபோனோ ஸ்டேஜும் இதைச் சமாளிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் டியூபை விரும்புகிற ஒருவர் பணத்தைப் போட இதைவிட நியாயமான இடம் கிடையாது.

ஆனால் முதல் செலவு ஊசிக்கு. பழைய டர்ன்டேபிளின் ஸ்டைலஸ் எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. சாதாரண வைர ஊசி 500 முதல் 1,000 மணி வரை தாங்கும். தேய்ந்த ஊசி ஸ, ஷ ஒலிகளைக் கிழிக்கும், ரிக்கார்டின் பள்ளத்தையும் அரித்துவிடும், அதை யாராலும் திருப்பித் தர முடியாது. புது ஸ்டைலஸ், தேவைப்பட்டால் புது பெல்ட், கார்ட்ரிட்ஜ் நிறுவனம் சொல்லும் எடைக்குச் சரியாக வைத்தல் இவை முடியும் வரை ஃபோனோ ஸ்டேஜ் பேச்சே வேண்டாம்.

ஃபோனோ ஸ்டேஜ் தேர்வில் கவனிக்க வேண்டியது கப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு, பிகோஃபாரட்டில் சொல்வார்கள்). கார்ட்ரிட்ஜ் 47 கிலோஓமையும் ஒரு குறிப்பிட்ட பிகோஃபாரட் அளவையும் எதிர்பார்க்கிறது. ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95 வரிசை 100 முதல் 200 பிகோஃபாரட் கேட்கிறது, ஆர்ட்டோஃபோனின் 2எம் வரிசை 150 முதல் 300. 12ஏஎக்ஸ்7 உள்ளீடு தன் பெருக்கல் காரணமாகவே 100 பிகோஃபாரட் அளவுக்குச் சேர்த்துவிடும். அதில் டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) கேபிள் ஒரு 150 சேர்த்தால் 250 ஆகிவிடுகிறது. ஆர்ட்டோஃபோனுக்கு அது பொருந்தும், ஆடியோ டெக்னிக்காவுக்கு அதிகம். குரலின் மேல்பகுதியில் ஒரு மேடு விழும். நீங்கள் தப்பிக்கப் பார்த்த அதே குத்தல் வேறு வாசல் வழியாக வந்து சேரும். கார்ட்ரிட்ஜும் ஃபோனோ ஸ்டேஜும் ஜோடிப் பொருத்தம் பார்த்துச் சேர்க்க வேண்டியவை.

அடுத்து ஹம், அதாவது மின்சாரத்தால் வரும் முனகல். ஆர்ஐஏஏ திருத்தம் 50 ஹெர்ட்ஸை 1,000 ஹெர்ட்ஸைவிட 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு தூக்குகிறது. நூறோடு ஏழு சேர்ந்தால் எழுநூறு. நம் மின்சாரமோ சரியாக அதே 50 ஹெர்ட்ஸ். ஃபோனோ ஸ்டேஜை ஆம்பின் மேலே வைக்காதீர்கள், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்ப் பக்கம் அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். டர்ன்டேபிளின் எர்த் ஒயரை ஃபோனோ ஸ்டேஜின் எர்த் திருகில் மாட்ட மறக்காதீர்கள். அப்படியும் சத்தம் இருந்தால் காதால் பிரித்துப் பாருங்கள். மெல்லிய "ம்ம்ம்" என்றால் 50 ஹெர்ட்ஸ்; டிரான்ஸ்ஃபார்மரோ டியூபைச் சூடாக்கும் ஹீட்டரின் ஒயரோ எர்த் சுற்றோ காரணம். கொஞ்சம் உயர்ந்து "ஜ்ஜ்ஜ்" என்று முரட்டுத்தனமாக இருந்தால் 100 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையின் ஃபில்டர் கப்பாசிட்டர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் ஊர் மின்சாரத்துக்கு ஒரு கணக்கு. சீனாவிலிருந்து வரும் பல டியூப் பெட்டிகள் 220 வோல்ட்டுக்குச் சுற்றியவை. அதில் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு, நம் 230 வோல்ட்டில் 6.6 போகும். 240 ஆனால் 6.87. டியூபுக்கு அனுமதிக்கப்பட்ட பத்து சதவீத எல்லை 6.93. இரவில் 250 வரை ஏறும் இடங்கள் உண்டு, அங்கே எல்லையைத் தாண்டி 7.16 ஆகிவிடும். டியூப் சீக்கிரம் சாகும். வாங்கும்போதே 230 அல்லது 240 வோல்ட் டேப்பிங் (டிரான்ஸ்ஃபார்மரில் அந்த வோல்ட்டுக்கான இணைப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நல்ல ஸ்டெபிலைசர் வையுங்கள். உறவினர் அமெரிக்காவிலிருந்து வாங்கி வரும் 120 வோல்ட் பெட்டிக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம், எர்த் தொடர்ச்சி அறுபடாமல். மூடியைத் திறக்கும் ஆசை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிட்டர்களில் 200, 300 வோல்ட் தங்கியிருக்கும். தெரிந்தவர் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. போடும்போது ஃபோனோ ஸ்டேஜ் முதலில், ஒரு நிமிடம் கழித்து ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில்.

டியூப் மாற்றி மாற்றிப் போடும் பழக்கத்துக்கு ஆரம்பத்திலேயே இறங்க வேண்டாம். இப்போது உற்பத்தியில் உள்ளவற்றில் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே நிறுவனத்தின் இசிசி83 எளிதில் கிடைப்பது, 12ஏஎக்ஸ்7-இன் ஐரோப்பியப் பெயர் அது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. ஊரில் பழைய ரேடியோ மெக்கானிக் யாரிடமாவது பிஇஎல் முத்திரையோடு பெட்டி பிரிக்காத வால்வு இருந்தால் விசாரித்துப் பாருங்கள். எதுவானாலும் ஃபோனோவில் போடும் முன் மைக்ரோஃபோனிக் சோதனை (டியூப் அதிர்வை ஒலியாக மாற்றுகிறதா என்று பார்ப்பது) ஒன்று செய்துவிடுங்கள். ரிக்கார்டு எதுவும் ஓடாமல் வால்யூமை வழக்கமான அளவில் வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் டியூபின் கண்ணாடியில் மெதுவாகத் தட்டுங்கள். லேசான "டொக்" வந்து உடனே அடங்கினால் சரி. "டிங்ங்" என்று மணி போல் நீண்டால் அந்த டியூபை ஃபோனோவின் முதல் சாக்கெட்டில் போடாதீர்கள். அதை இரண்டாவது சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. பெட்டியோடு சேர்த்து அதே ரகத்தில் ஒரு ஜோடி உபரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இரைச்சல் கிளம்பும் நாளில் கோளாறு டியூபிலா வேறெங்காவதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.